முதல் வரியும் கலக நெஞ்சமும்
(நான்கு அதிகற்பனைப் புதினங்கள் பற்றிய ஓர் ஆய்வு)

மாணவி, மூன்றாம் ஆண்டு இளங்கலை ஆங்கில இலக்கியம்

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் துறையின் இலக்கியக் கழகக் கூட்டத்தில் பேராசிரியர் ஒருவர் எங்களுக்குச் சிறு பணி ஒன்று கொடுத்தார். ஒவ்வொருவரும் தாம் படித்த புதினம் ஒன்றின் முதல் வரியை எழுந்து நின்று சொல்ல வேண்டும். அது நினைவில் நின்ற காரணத்தையும் கூற வேண்டும். என் முறை வந்தபோது டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நூலின் முதல் வரியைச் சொன்னேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "அது குழந்தைகள் கதை அல்லவா?" என்றார் ஒரு நண்பர். பேராசிரியர் சிரிக்கவில்லை. "குழந்தைகள் கதை என்றால் இருபது வயதிலும் அந்த வரி ஏன் நினைவில் நிற்கிறது? அதை ஒரு கட்டுரையாக எழுதிக்கொண்டு வா, அம்மா" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் 'ஃபேன்டசி' என வழங்கும் இலக்கிய வகையை இங்கு அதிகற்பனை என்று குறிப்பிடுகிறேன். உலகில் இல்லாத நாடுகள், இல்லாத உயிரினங்கள், மந்திர ஆற்றல்கள் ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் கதை இது. இவ்வகைக் கதைகளின் தலைவர்கள் பலர் கலகக்காரர்கள். ஆளும் தெய்வத்தையோ, அரசையோ, குலத்தின் வழக்கத்தையோ எதிர்த்து நிற்பவர்கள். இத்தகைய நான்கு பேரின் கதைகள் எவ்வாறு தொடங்குகின்றன, எங்குக் கொண்டு போய் விடுகின்றன என்பதைக் காண்பதே என் நோக்கம்.

மில்டன் காட்டிய வழி

ஆங்கில இலக்கியத்தில் கலகத் தலைவன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 1667ஆம் ஆண்டு வெளிவந்த மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்னும் காப்பியமேயாகும். அதன் முதல் வரியே மனிதனின் கீழ்ப்படியாமையைக் காப்பியப் பொருளாக அறிவித்து விடுகிறது. சாத்தானின் வீழ்ச்சியும் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியும் பின்னரே விரிகின்றன. மன்னனுக்கு எதிரான புரட்சியை ஆதரித்து நூல்கள் எழுதியவர் மில்டன். முடியாட்சி மீண்டும் திரும்பியபின், பார்வையிழந்த நிலையில் இக்காப்பியத்தை முடித்தார். கலகத்தைக் கண்டிக்க வந்த காப்பியத்தில் கலகக்காரனாகிய சாத்தானே உயிர்ப்புடன் நிற்பதைப் பலரும் உணர்ந்துள்ளனர். மில்டன் தம்மை அறியாமலே சாத்தானின் பக்கம் நின்றவர் என்று கவிஞர் வில்லியம் பிளேக் கருதினார்.

மில்டன் கீழ்ப்படியாமையை முதல் வரியிலேயே பெயர் சொல்லி அழைத்தார். இருபதாம் நூற்றாண்டின் அதிகற்பனை ஆசிரியர்கள் அவ்வாறு செய்யவில்லை. அவர்களுடைய முதல் வரிகளில் கலகம் என்ற சொல்லே வருவதில்லை. அதற்கு மாறாக, எதை எதிர்த்துக் கலகம் எழப் போகிறதோ அந்த ஒழுங்கு அங்கே இருக்கிறது. சுவரை முதலில் காட்டிவிட்டு, அதைத் தாண்டப் போகிறவரை அதன் அருகில் நிறுத்துகிறார்கள். இதுவே நான் கண்ட முதல் உண்மை.

விடைத்தாளில் பிறந்த வரி

டோல்கீன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1930ஆம் ஆண்டையொட்டிய ஒரு கோடையில் பள்ளித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் தம் விடைத்தாளில் ஒரு பக்கத்தை எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். அந்த வெற்றுப் பக்கத்தில் டோல்கீன் ஒரு வரி எழுதினார். ஏன் எழுதினோம் என்று அவருக்கே அப்போது விளங்கவில்லை. அந்த ஒரு வரியிலிருந்து வளர்ந்த கதை 1937ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. விடைத்தாளில் வெற்றுப் பக்கம் விடுவதை நம் பேராசிரியப் பெருமக்கள் பெருங்குறையாகக் கருதுவார்கள். ஓர் இலக்கியம் பிறக்க அப்படி ஒரு பக்கம் இடம் தந்தது என்பதை அவர்கள் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

அந்த முதல் வரியில் போர் இல்லை, மந்திரம் இல்லை, வீரன் இல்லை. ஒரு சிறிய உயிரினத்தின் இனப்பெயரும், அது குடியிருந்த இடமும் மட்டுமே உண்டு. அடுத்து வரும் வரிகள் அந்த இடம் எத்தனை வசதியானது என்று விவரிக்கின்றன. உருண்டைக் கதவு, விரிப்புப் போட்ட தரை, நிறைய உணவு அறைகள். அங்கே வாழ்ந்த பில்போ பேகின்ஸ் ஊரில் மரியாதைக்குரியவன். அவன் குடும்பத்தார் எதிர்பாராத செயல் எதையும் செய்வதில்லை என்பதே அந்த மரியாதைக்குக் காரணம். எந்தக் கேள்விக்கும் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது கேட்காமலே ஊருக்குத் தெரியும்.

இங்கே சுவர் என்பது கொடுங்கோல் அன்று, சுகம். யாரும் பில்போவை அடைத்து வைக்கவில்லை. அவன் வீட்டில் நாற்காலி மெத்தென்று இருக்கிறது. அதுவே அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது. நம்மில் பலரைக் கட்டி வைத்திருப்பதும் விலங்கு அன்று, நாற்காலிதான் என்று எனக்குத் தோன்றியது. பில்போ செய்த கலகம் எது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அரியணையில் அமர்ந்த கலகக்காரன்

மைக்கேல் மூர்காக் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1961ஆம் ஆண்டு ஓர் இதழில் எழுதிய சிறுகதையில் எல்ரிக் என்னும் தலைவனை அறிமுகப்படுத்தினார். அதுவரை இவ்வகைக் கதைகளில் தலைவன் என்றால் தோள்வலி மிக்கவன். நாகரிகம் அறியாத காட்டு வீரன். எல்ரிக் அதற்கு நேர்மாறானவன். பிறவியிலேயே உடல் வெளிறியவன். மருந்தின் துணையின்றி நிமிர்ந்து நிற்க இயலாதவன். நூல்கள் பல கற்றவன். பழம்பெரும் தீவுப் பேரரசாகிய மெல்னிபோனேயின் மன்னன்.

அவனுடைய முற்கதையைக் கூறும் புதினம் 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முதல் வரியில் அவன் பெயர் இல்லை. உடலின் நிறம் மட்டுமே பேசப்படுகிறது. அதுவும் இறந்தவனின் எலும்பு நிறத்தோடு ஒப்பிட்டு. அந்தப் பத்தி முடிவதற்குள் அவன் கைகள் ஒரே பெரிய மாணிக்கக் கல்லில் குடைந்த இருக்கையின் மேல் இருப்பதைக் காண்கிறோம். வெளிறிய கை, சிவந்த அரியணை. இந்த இரண்டு நிறங்களிலேயே ஆசிரியர் முழுக்கதையையும் சொல்லி விடுகிறார். பிணம் போன்ற ஓர் உடல், இரத்தம் போன்ற ஓர் ஆட்சி.

எல்ரிக் எதிர்க்கும் ஒழுங்கு அவனுக்கு வெளியே இல்லை. அவனே அதன் தலைவன். தன் குலத்தின் கொடுமையை அவன் கேள்வி கேட்கிறான். அப்படிக் கேட்பதையே அவன் குலத்தார் நோயாகக் கருதுகிறார்கள். கலகம் செய்பவர் எப்போதும் அடிமட்டத்தில் இருப்பவர் என்று நாம் எண்ணுகிறோம். அரியணையில் இருப்பவனுக்கும் அந்த அரியணை சிறையாகலாம் என்பதை இக்கதை காட்டுகிறது.

கடவுள் பட்டத்தை நாடாதவன்

மூன்றாவது நூல் நமக்குச் சற்று நெருக்கமானது. அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி 1967ஆம் ஆண்டு வெளியிட்ட 'லார்ட் ஆஃப் லைட்' என்னும் புதினம் இந்தியப் புராணங்களையும் புத்தர் வரலாற்றையும் அடித்தளமாகக் கொண்டது. 1968இல் சிறந்த புதினத்திற்கான ஹியூகோ விருதைப் பெற்றது. இதை அறிவியல் புனைகதை என்பாரும் உண்டு. அதிகற்பனை என்பாரும் உண்டு. இரண்டு வகையாகவும் படிக்கும்படியே ஆசிரியர் எழுதியுள்ளார்.

பூமியை விட்டுத் தொலைதூரக் கோள் ஒன்றில் குடியேறிய மக்களின் கதை அது. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலின் பணியாளர்கள் அறிவியலின் துணையால் பேராற்றல் பெற்று, பிரமன், காளி முதலிய பெயர்களைச் சூடிக்கொண்டு தெய்வங்களாக ஆள்கிறார்கள். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு உயிரை மாற்றும் பொறி அவர்கள் கையில் இருக்கிறது. பணிந்தவருக்கு நல்ல பிறவி; பணியாதவருக்கு விலங்குப் பிறவி, அல்லது மறுபிறவியே இல்லை. அச்சுப்பொறி போன்ற கருவிகள் மக்கள் கைக்குப் போகாதபடி அவர்கள் தடுக்கிறார்கள். புத்தகம் பெருகினால் தெய்வம் சிறுத்துவிடும் என்ற அச்சம்.

அந்தப் பணியாளர்களில் ஒருவனாக இருந்தும் அவர்களை எதிர்ப்பவனே இக்கதையின் தலைவன். முதல் வரி அவனுடைய பெயரைப் பற்றியது. மகாசமாத்மன் என்று அடியார்கள் அழைக்க, அவனோ முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை வெட்டிவிட்டுச் சாம் என்று வைத்துக்கொள்கிறான். தான் தெய்வம் என்று அவன் கூறியதும் இல்லை. இல்லை என்று மறுத்ததும் இல்லை. எல்லாரும் பெயரை நீட்டிக்கொள்ளும் உலகில் ஒருவன் பெயரைச் சுருக்கிக்கொள்கிறான். பட்டங்களால் ஆன ஓர் ஆட்சியை எதிர்ப்பவன் தன் பட்டத்தை முதலில் கழற்றி வைக்கிறான். மறுக்காமல் இருக்கும் அந்த மௌனத்தில் ஓர் அரசியல் தந்திரமும் ஒளிந்திருக்கிறது. தெய்வங்களை எதிர்க்க அவன் புத்தரின் போதனையை மீண்டும் பரப்புகிறான். ஆனால் அதைத் தான் நம்பி அன்று, ஒரு படைக்கலமாகவே பரப்புகிறான்.

சுவரோரம் நடந்த சிறுமி

நான்காவது நூல் பிலிப் புல்மன் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்'. 1995ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்து, சிறுவர் இலக்கியத்திற்கான கார்னெகி பதக்கம் பெற்றது. மூன்று பாகங்கள் கொண்ட வரிசையின் முதல் பாகம் இது. வரிசையின் பொதுத் தலைப்பை மில்டனின் காப்பியத்திலிருந்தே புல்மன் எடுத்துக்கொண்டார். மூன்றாம் பாகம் 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசில், அவ்வாண்டின் சிறந்த நூல் என்ற தகுதியைப் பெற்றது. சிறுவர்க்கான நூல் ஒன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதல் முறை. குழந்தைகள் கதைதானே என்று சிரித்த நண்பருக்கு இச்செய்தியை அன்புடன் வழங்குகிறேன்.

இதன் முதல் வரியில் லைரா என்னும் சிறுமி மாலை இருள் படர்ந்துவரும் ஒரு மண்டபத்தின் ஓரமாக, சமையலறையில் இருப்போர் கண்ணில் படாமல் நடந்து போகிறாள். அவளுடன் அவளுடைய 'டீமன்' வருகிறது. அக்கதையின் உலகில் ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் உடலுக்கு வெளியே ஒரு விலங்கு வடிவில் உடன் வாழும். அதற்கே அந்தப் பெயர். முதல் வரியில் அதற்கு விளக்கம் ஏதும் இல்லை. ஆனால் ஓரமாக நடப்பதற்கு விளக்கம் தேவையே இல்லை. போகக் கூடாத இடத்திற்குப் போகிறாள் என்பது படிப்பவர் எவருக்கும் புரிந்துவிடும்.

அவள் நுழைவது ஆக்ஸ்போர்டில் உள்ள ஒரு கல்லூரியின் ஓய்வறை. அறிஞர்களும் அவர்களுடைய விருந்தினரும் மட்டுமே செல்லக்கூடிய இடம். பெண்களுக்கு அங்கே அனுமதியே இல்லை. வேலைக்காரப் பெண்கள்கூடச் சுத்தம் செய்ய உள்ளே வருவதில்லை. உள்ளே ஒளிந்திருந்த லைரா, தன் உறவினருக்கு வைத்த மதுவில் நஞ்சு கலக்கப்படுவதைக் காண்கிறாள். ஒளிந்தே இருந்தால் அவளுக்குத் தண்டனை இல்லை. வெளியே வந்து சொன்னால்தான் அவர் பிழைப்பார். அவள் சொல்லிவிடுகிறாள். நுழையக் கூடாத அறைக்குள் நுழைந்ததால்தான் உண்மை அவள் கண்ணில் பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

விலை கொடுப்பவர் யார்?

இதுவரை தொடக்கங்களைக் கண்டோம். முதல் வரிகள் ஒழுங்கைக் காட்டுகின்றன என்றேன். அந்த ஒழுங்கை எதிர்த்தபின் நடந்தது என்ன? நான்கு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது என்னைத் திடுக்கிட வைத்த உண்மை ஒன்று உண்டு. கலகத்தின் விலையைப் பெரும்பாலும் கலகக்காரர் கொடுப்பதில்லை. அவருக்கு அருகில் நிற்பவரே கொடுக்கிறார்.

தன் அரியணையைக் கவர்ந்த உறவினனை வீழ்த்தவும் காதலி சிமோரிலை மீட்கவும் எல்ரிக் அயல்நாட்டுக் கப்பற்படையுடன் தன் நகரத்தையே தாக்குகிறான். நகரம் எரிகிறது. போரின் நடுவே அவனுடைய மந்திர வாளாலேயே சிமோரில் மடிகிறாள். திரும்பும் வழியில் துணைக்கு வந்த கப்பல்களையும் அழிவுக்கு விட்டுவிட்டுத் தன் கப்பலை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறான்.

சாமைக் கொல்ல ரில்டு என்னும் கொலைஞனைக் காளி அனுப்புகிறாள். வந்த இடத்தில் அவன் நோயுற்று விழ, சாமின் சீடர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். போதனையைக் கேட்டு அவன் உண்மையாகவே ஞானம் பெறுகிறான். சொன்னவன் நம்பாத போதனையைக் கேட்டவன் நம்பினான். பின்னர் யமன் தேடி வரும்போது சாமைக் காக்க வழிமறித்து நின்று உயிர் விடுகிறான். தன் சொல் எங்குப் போய்ச் சேரும் என்பது கலகக்காரனுக்கே தெரியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

லைரா தன் தோழன் ரோஜரை மீட்க வடதுருவப் பகுதி வரை செல்கிறாள். அவன் கல்லூரிச் சமையலறையில் வேலை செய்த சிறுவன். முதல் வரியில் எந்தச் சமையலறையின் கண்ணுக்குத் தப்பி நடந்தாளோ, அதே சமையலறையைச் சேர்ந்தவன். அவனை மீட்டும் விடுகிறாள். ஆனால் அவளே அறியாமல் அவனை அழைத்துச் சென்று நிறுத்திய இடத்தில்தான் அவன் பலியாகிறான். மூன்றாம் பாகத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இறந்தோர் உலகம் வரை செல்கிறாள். தன் கலகத்தின் கணக்கைத் தானே பார்க்கத் துணிந்தவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு.

இனிப் பில்போவின் கலகத்தைக் காண்போம். மீட்ட புதையலைப் பங்கிட மறுத்துக் குள்ளர்களின் தலைவன் தோரின் மலைக்குள் அடைந்து கிடக்கிறான். வெளியே மனிதரும் எல்ஃபுகளும் முற்றுகையிட்டுள்ளனர். போர் மூளும் நிலை. தோரின் உயிருக்கு மேலாக மதிக்கும் ஆர்க்கன்ஸ்டோன் என்னும் மணி பில்போவிடம் இருக்கிறது. அதைத் தன் பங்காக வைத்துக்கொண்டு, ஓர் இரவில் எதிரணியிடம் கொடுத்துவிடுகிறான். சமாதானம் பேச அது உதவட்டும் என்பது அவன் எண்ணம். வீரம் என்றால் தன் பக்கத்தை விடாமல் நிற்பது என்று சொல்லும் உலகில் இதைவிடப் பெரிய கலகம் வேறு இல்லை.

அவன் அதைச் செய்த முறையையும் பார்க்க வேண்டும். யாரையும் உடன் அழைக்கவில்லை. அன்றிரவு காவல் முறை பொம்பர் என்னும் குள்ளனுடையது. அவனைத் தூங்கச் சொல்லிவிட்டுப் பில்போ தான் காவலை ஏற்றுக்கொள்கிறான். மணியைக் கொடுத்தபின் அங்கேயே பாதுகாப்பாகத் தங்கிவிடும்படி எதிரணியினர் கூறுகிறார்கள். நண்பர்களை இப்படி விட்டுவர இயலாது என்றும், நள்ளிரவில் பொம்பரை எழுப்புவதாக வாக்களித்திருப்பதாகவும் சொல்லித் திரும்பிவிடுகிறான். சொன்னபடி எழுப்பியும் விடுகிறான். உண்மை வெளிப்பட்டபோது, மணியைக் கொடுத்தவன் நானே என்று தோரின் முன் ஒப்புக்கொள்கிறான். தோரின் அவனைக் கீழே எறியவே முற்படுகிறான். அவன் விரும்பிய சமாதானம் அந்த மணியால் வந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செயலுக்காக வேறு யாரும் பழி சுமக்கவில்லை.

நால்வரில் வாளும் மந்திரமும் மிக்கவன் எல்ரிக். அறிவுத் திறன் மிக்கவன் சாம். துணிவு மிக்கவள் லைரா. ஆனால் சிறந்த கலகக்காரர் யார் என்று கேட்டால், மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்து வந்த பில்போ என்றே நான் சொல்வேன். விலை எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவன் அவன் ஒருவனே.

முடிவுரை

அதிகற்பனை இலக்கியம் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடும் வழி என்பர் சிலர். எனக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு நீண்ட மேசை உண்டு. நாளிதழ்களும் வார இதழ்களும் அதன் மேல் கிடக்கும். சுற்றிலும் ஆண்களே அமர்ந்திருப்பார்கள். பெண்கள் அமரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் பள்ளி நாட்களிலிருந்து நான் சுவரோரமாகவே நடந்து, அலமாரியில் ஒரு நூலை எடுத்துப் பதிவு செய்துகொண்டு வெளியே வந்துவிடுவேன். "போனோமா வந்தோமா என்று இருக்க வேண்டும்" என்பது அம்மாவின் கட்டளை. லைராவின் முதல் வரியைப் படித்த அன்று, அது என் நடை என்று உணர்ந்தேன்.

அந்த மேசையில் அமர்வது என்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கையையும் அழைத்துச் செல்ல நினைத்தேன். துணை இருந்தால் தைரியம் வரும் அல்லவா? புறப்படும்போது பில்போவின் நினைவு வந்தது. யாராவது வீட்டில் வந்து ஏதேனும் சொன்னால், எனக்குக் கல்லூரி இருக்கிறது. படிப்பு நின்றுவிடக் கூடியவள் தங்கைதான். எனவே முதல் நாள் தனியாகவே போனேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டே போனேன். "என்னவோ செய்" என்றார். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

நாற்காலியை இழுத்து அமர்ந்தேன். இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். படித்த ஒரு வரியும் மனத்தில் பதியவில்லை. சிறிது நேரம் கழித்து எதிரில் இருந்த பெரியவர், தாம் படித்து முடித்த நாளிதழின் உள்தாள்களை மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிச் சென்றன. எந்தப் புகாரும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஐந்தாவது ஞாயிறு தங்கையை அழைத்துப் போனேன். அவள் சுவரோரம் நடக்கவில்லை. நேராக மேசைக்குப் போய், பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கினாள்.

பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை.